தாடை மூட்டு: நார்மல்

மகள் கேக் செய்யப் போகிறேன் என்று அடம்பிடித்து வாங்கிய டிஜிட்டல் தராசு ஒன்று எங்கள் சமையலறையில் கிடக்கிறது. கேக் இரண்டு தடவையோடு நின்றுவிட்டது. போன வருஷம் ஒரு ராத்திரி நான் அந்தத் தராசின்மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துவைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். எண் ஏறி 1000 கிராமில் நிற்க வேண்டும், இரண்டு விநாடி அங்கேயே நிற்க வேண்டும். அது 1200க்குத் தாவும், பதறி விரலைத் தளர்த்தினால் 850க்கு இறங்கும். தண்ணீர் குடிக்க வந்த மாமியார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஏம்மா, விரலயா நிறுத்துப் பாக்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் குழந்தைகளுக்கான பல் மருத்துவர். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு கிளினிக். தாடை மூட்டிலும் தாடைத் தசைகளிலும் வரும் கோளாறுகளைக் கண்டறிய 1992இல் ஆராய்ச்சிக்காக ஒரு நெறிமுறை வந்தது. அதைத் திருத்தி, மருத்துவர்கள் கிளினிக்கிலும் பயன்படுத்தும்படி 2014இல் புதிதாக வெளியிட்டார்கள். கன்னத்துத் தசையையும் பொட்டில் இருக்கும் தசையையும் ஒரு கிலோ அழுத்தத்தில் அமுக்கிப் பார், மூட்டின் தலைப்பகுதியை அரைக் கிலோவில் அமுக்கு என்று பெரியவர்களுக்கு அதில் கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு கிலோ என்பது விரல் நுனியில் எப்படி இருக்கும்? பதினாறு வருஷமாகக் குழந்தைகளின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், அது எனக்குத் தெரியாது. மெத்தென்றுதான் அமுக்குகிறேன் என்ற நினைப்பில் முதல் தடவை தராசில் கைவைத்தபோது 1600 காட்டியது. அந்தக் கனத்தில் அமுக்கினால் எனக்கே வலிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கிலோகூட வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் எதைக் குறைக்கிறோம் என்று தெரிந்தால்தானே குறைக்க முடியும்?

இந்தத் தராசு விளையாட்டுக்குக் காரணம் இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தி எங்கே தொட்டாலும் வலிக்கிறது என்றாள். இன்னொருத்தி எங்கே தொட்டாலும் வலிக்கவில்லை என்றாள். முதலாமவள் கதையை நான் சக டாக்டர்களிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். இரண்டாமவள் கதையை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. (இருவருடைய வயது, ஊர் விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

காது வலி

முதலாமவளுக்கு 13 வயது. அம்மாவோடு வந்தாள். "நாலு மாசமா வலது காது வலிக்குதுங்கா டாக்டர். சொட்டு மருந்து ரெண்டு தடவ மாத்தியாச்சு. காதுல ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாங்க. பல்லுல எதும் இருக்கான்னு பாத்துட்டு வாங்கன்னு அனுப்புனாங்க" என்ற அம்மா, குரலைத் தாழ்த்தி, "படிக்க உக்காந்தாதான் வலி வருது, அதையும் சொல்லிருதேன்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்த சந்தேகம் அந்தப் பெண்ணுக்கும் கேட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பல்லில் ஒன்றும் இல்லை. சொத்தை இல்லை, ஈறு வீக்கம் இல்லை. மிச்சம் இருந்தது தாடை மூட்டு. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே காது ஓட்டைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குமிழுக்கு ஒட்டினாற்போல் ஒரு விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஏதோ உருண்டு, கொஞ்சம் முன்னால் போய்த் திரும்புவது தெரியும். அதுதான் ஆள். கதவுக் கீல் மாதிரி திரும்பவும் செய்யும், மேசை இழுப்பறை மாதிரி முன்னால் நழுவவும் செய்யும். இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய தட்டு, அதுவும் கூடவே போய்வரும். வலமும் இடமும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள் என்பதால் ஒருபக்கம் மட்டும் அசைய முடியாது. ஒரு பக்கத்துக்கு நோவு வந்தால் மறுபக்கமும் சேர்ந்து கூத்தாட வேண்டும். இந்த மூட்டுக்கு வரும் நரம்புதான் காதின் முன்பகுதிக்கும் போகிறது. ஒரே கம்பியில் இரண்டு வீட்டுக்குக் கரண்ட் இழுத்த மாதிரி. எந்த வீட்டில் பழுது என்பதில் மூளை அடிக்கடி ஏமாறும். அமெரிக்காவில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 1934இலேயே, காது நோய் என்று தன்னிடம் வந்த சிலருக்குத் தாடையில்தான் கோளாறு என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் பிற்பாடு நிற்கவில்லை. பற்கள் தேய்ந்து விழுந்ததால் மூட்டு பின்னால் போய் நரம்பை நசுக்குகிறது என்றார், அது தவறு. ஆனால் காதுக்கும் தாடைக்கும் இடையே நடக்கும் இந்த ஆள்மாறாட்டம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

சரி என்று அமுக்க ஆரம்பித்தேன். மூட்டின்மேல். "வலிக்குதா?" "ஆமா." பொட்டில். "ஆமா." கன்னத்தில். "ஆமா." இடது பக்கம், அதாவது வலியே இல்லாத பக்கம். "ஆமா." எதற்கும் இருக்கட்டும் என்று நெற்றிக்கு நடுவில் அமுக்கினேன். "ஆமா." முழங்கைக்குக் கீழே. "லேசா."

இந்த இடத்தில்தான் பலரும், நானும்தான், மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். பிள்ளை நடிக்கிறது. படிப்பில் இருந்து தப்பிக்கப் பார்க்கிறது. ஆனால் அவள் நிலைமையில் இருந்து பாருங்கள். நாலு மாசமாக ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் அம்மா நிற்கிறார். இப்போது ஒருவர் வலிக்குதா என்று கேட்கிறார். இல்லை என்று ஒரு தடவை சொன்னால் போதும், அவ்வளவுதான், வழக்கு தள்ளுபடி. அவள் ஆமா என்றுதான் சொல்வாள். அதோடு, இத்தனை கனமாக அமுக்கினால் எல்லாருக்கும் எல்லா இடமும் வலிக்கத்தான் செய்யும்.

2014 நெறிமுறையில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. படிக்கும்போது அதைச் சடங்கு என்று தாண்டிப் போயிருந்தேன். அமுக்கும்போது வலி வந்தால் மட்டும் போதாது, அது நோயாளி கொஞ்ச நாளாக அனுபவித்துவரும் அதே வலியாக இருக்க வேண்டும். பழகின வலி. விரலை எடுத்துவிட்டு அவளிடம் சொன்னேன்: "வலிக்குதான்னு இனிமே கேக்கல. வலிக்கும், எனக்குத் தெரியும். நாலு மாசமா உனக்கு வருதுல்ல ஒரு வலி, அந்த வலிதானா, இல்ல நான் அமுக்குறதால வர்ற வேற வலியா? அத மட்டும் சொல்லு."

முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நெற்றி. "இது வேற." பொட்டு. கொஞ்சம் யோசித்தாள். "வேற." மூட்டு. "வேற டாக்டர்." வலது கன்னத்தில், பல்லைக் கடித்தால் புடைக்குமே அந்தத் தசையில், கன்ன எலும்புக்குக் கொஞ்சம் கீழே வைத்ததும் அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "இது. இதுதான். காதுக்குள்ள போகுது."

மூட்டு நன்றாகத்தான் இருந்தது. தசைதான் நொந்துபோயிருந்தது. கணக்குப் போடும்போது அவள் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டே போடுவாள் என்பது பேசப்பேசத் தெரிந்தது. படிக்க உட்கார்ந்தால் வலி என்று அம்மா சொன்னது அப்பட்டமான உண்மை. மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை. வெதுவெதுப்பான ஒத்தடம், கொஞ்ச நாள் முறுக்கு, கரும்பு வேண்டாம், ராத்திரி பதினொன்றரை வரை விழிக்க வேண்டாம். அப்புறம் ஒரு பழக்கம்: உதடு மூடியிருக்கட்டும், பல்லோடு பல் தொடக் கூடாது, நாக்கு மேலண்ணத்தில் இருக்கட்டும். நாக்கை எங்கே வைப்பது என்பதற்கு ஆங்கிலப் புத்தகங்கள் ‘என்’ என்ற எழுத்தைச் சொல்லிப் பார்க்கச் சொல்லும். நமக்கு இன்னும் வசதி. ‘ன’ சொல்லும்போது நாக்கு நிற்கும் இடம். ‘ந’ என்று சொன்னால் பல்லைத் தொட்டுவிடும், அது தப்பு. ரெண்டு சுழி, மூணு சுழி என்று பள்ளிக்கூடத்தில் படுத்திய எழுத்துகள் இப்படி ஒருநாள் உதவும் என்று நான் நினைத்ததில்லை. கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் அவள் பெரிதாக ஒரு ‘ன’ எழுதி ஒட்டிக்கொண்டாள். ஆறு வாரத்தில் வலி போய்விட்டது.

இதற்குப் பிறகு ‘அந்த வலிதானா?’ என் தாரக மந்திரம் ஆகிவிட்டது. ஊரில் டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் இதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். ஸ்வீடனில் 12 முதல் 19 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டே கேள்வி கேட்கிறார்கள் என்று சொன்னேன். பொட்டிலோ முகத்திலோ தாடையிலோ தாடை மூட்டிலோ வாரம் ஒரு தடவையாவது வலிக்கிறதா? வாயை அகலத் திறக்கும்போதோ மெல்லும்போதோ வாரம் ஒரு தடவையாவது வலிக்கிறதா? அப்படிக் கேட்டதில் நூற்றுக்கு நாலு பேர் ஆமாம் என்றார்கள், அதில் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு. நாமும் கேட்போமே என்றேன். கைதட்டினார்கள். அந்த இரண்டு கேள்வியிலும் ‘வலி’ என்ற சொல் இருக்கிறது என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

பூச்சியும் பொன்னுக்கு வீங்கியும்

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாடை என்றதும் எங்கள் பக்கம் வரும் முதல் கேள்வி பல் நறநறப்பதைப் பற்றித்தான். "ராத்திரி பல்லக் கடிக்கான், பூச்சி இருக்கும்." பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டியதுதான், பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் கொடுத்தால் வாங்கிப் போடட்டும், அது ரத்தசோகைக்கு நல்லது. பல் கடிப்பதற்கும் அதற்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. தூக்கத்தில் பல் கடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் வளர வளர விட்டுவிடுவார்கள். ‘டிக்’ என்று மூட்டில் சத்தம் கேட்கிறது என்று பயந்து வருபவர்களுக்கும் இதே பதில்தான். வலியும் இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் அந்தச் சத்தத்துக்கு வைத்தியம் வேண்டியதில்லை. வளரும் பிள்ளைக்குக் கடி சரியில்லை என்று பல்லை ராவிவிடுவதை, மூட்டுக்காக என்று சொல்லிப் பெரிய செலவில் கம்பி கட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ராவி எடுத்த பல்லை ஒட்டவைக்க முடியாது. காதுக்கு முன்னாலும் கீழேயும் புசுபுசுவென்று வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அது பொன்னுக்கு வீங்கி. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான் ஊசி, பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை என்பதால் இன்னும் பார்க்கிறோம். அதற்குக் குழந்தைகள் டாக்டரிடம் போக வேண்டும். கழுத்தில் சங்கிலியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது உங்கள் இஷ்டம்.

எந்த வலி?

இனி இரண்டாமவள்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, பிள்ளை ஆச்சியோடு. 7 வயதில் சொத்தைப் பல்லுக்கு வந்தாள். அடைத்து அனுப்பினேன். மறுபடி 9 வயதில், வேறொரு பல்லுக்காக ஆச்சி கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு கூட்டம். பக்கத்து அறையில் ஒரு பையன் அழுது தீர்த்துக்கொண்டிருந்தான். நான் கை கழுவிக்கொண்டே வெளியே எட்டிப்பார்த்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டாள்.

கொட்டாவி பாதியில் நின்றது. நின்ற இடத்தில் மோவாய் இடதுபக்கம் திரும்பிக்கொண்டது, ஜன்னல் கதவு சட்டத்தில் இடித்துத் திரும்புமே அந்த மாதிரி. அப்புறம் மூடிக்கொண்டது. ஒரு விநாடி இருக்குமா? அவ்வளவுதான். எங்கள் நாற்காலியில் படுக்கவைத்துத் தலைமாட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது எங்களுக்கு முகம் தெரியாது. தலைகீழாக ஒரு வாய் தெரியும், அதற்குள் வெளிச்சம், அதற்குள் பல். ‘ஆ காட்டு’ என்றால் குழந்தை நமக்குத் தேவையான அளவுதான் திறக்கும். கொட்டாவிதான் முழுசாகத் திறக்கும். அதை எதிரில் நின்று பார்க்க வேண்டும்.

நாற்காலியில் நேராக உட்காரவைத்தேன். "வாயத் திறக்கும்போது வலிக்குதாளா?" "இல்ல." மெல்லும்போது? "இல்ல." என் கையில்தான் பிரம்மாஸ்திரம் இருக்கிறதே. இடது மூட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக அமுக்கி, "இது அந்த வலியா?" என்றேன்.

"எந்த வலி?" என்று கேட்டாள்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எந்த வலியைப் பற்றி டாக்டரம்மா பேசுகிறார், தான் எதையாவது சொல்ல மறந்துவிட்டோமா என்று ஆச்சியைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. கூட்டத்தில் இருபது நிமிஷம் பேசிய கேள்வி அவளிடம் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது.

அப்புறம்தான் கேட்பதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். ஸ்கேலை எடுத்து மேல்பல் விளிம்பில் இருந்து கீழ்பல் விளிம்பு வரை அளந்தேன். 33 மில்லிமீட்டர். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் பலருக்கு 40ஐத் தொடும், தாண்டவும் செய்யும். அவர்களுடைய மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் வைக்கலாம், இவளுக்கு இரண்டரைதான் போனது. மோவாயை வலப்பக்கம் தள்ளச் சொன்னால் கொஞ்சமாகத்தான் போனது, இடப்பக்கம் தாராளமாகப் போனது. இடது மூட்டு முன்னால் நழுவ மறுக்கிறது என்று அதற்கு அர்த்தம். நாக்கை அமுக்கும் மரக்குச்சியைக் குறுக்கே கடிக்கச் சொல்லிவிட்டு ரெண்டடி பின்னால் போய் நின்றேன். கண்கள் நேராக இருந்தன. குச்சி இடதுபக்கம் மேலே ஏறியிருந்தது. இடதுபக்கத் தாடை வளர்த்தியில் பின்தங்கியிருக்கிறது.

"ஆச்சி, இவ சின்ன வயசு போட்டோ எதும் இருக்கா?" போனை நீட்டினார். திருப்பூரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவதற்காக வருஷா வருஷம் ஆடித்தபசுக்கு எடுத்த படங்கள். மூன்று வருஷம், மூன்று பாவாடை சட்டை. முதல் படத்தில் மோவாய் மூக்குக்கு நேர் கீழே இருந்தது. இரண்டாவதில் தெரிந்தும் தெரியாமலும். மூன்றாவதில் நன்றாகவே இடதுபக்கம் நகர்ந்திருந்தது. "கோணக் கழுத்தா நிக்கான்னு நான் ஏசுவேன்" என்றார் ஆச்சி. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. கொய்யாக்காயைக் கடிக்க மாட்டாள், நறுக்கித் தரணும். முறுக்கைக் காபியில் ஊறவைத்துத்தான் தின்பாள். காலையில் இரண்டு இட்லி தின்ன முக்கால் மணி நேரம், மத்தியானம் ஸ்கூலில் சீக்கிரம் சாப்பிட்டுவிடுகிறாளாம். "சோம்பேறிக் கழுத." போன வருஷம் வலது முழங்கால் வீங்கி ரொம்ப நாள் இருந்தது. ஓடியாடுகிற பிள்ளை, எங்கேயாவது விழுந்திருப்பாள் என்று நல்லெண்ணெய் தடவிவிட்டார். அதுவாக வற்றிவிட்டது.

காலையில் இறுக்கம், மத்தியானம் சரி. வீங்கி வற்றிய ஒரு முழங்கால். வளராத ஒரு பக்கத் தாடை. இதைச் சேர்த்துப் படிக்க மூட்டுவாத நிபுணராக இருக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு மூட்டுவாதம் வருமா என்று ஆச்சி கேட்டார், படித்தவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். வரும். 16 வயது முடியும் முன் ஆரம்பித்து, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் கிடைக்காத மூட்டு அழற்சிக்குப் பெயரே இளம்பருவ மூட்டழற்சிதான். அது தாடை மூட்டுக்கும் வரும். அங்கே வரும்போது பல குழந்தைகளுக்கு வலியே இருக்காது. வீங்கினாலும் முழங்கால் மாதிரி வெளியே தெரியாது. அதைவிடக் கொடுமை, கீழ்த்தாடை வளர்வதற்கான குருத்தெலும்பு அந்த மூட்டின் உச்சியிலேயே, மெல்லிய ஒரு படலத்துக்கு அடியில் இருக்கிறது. கைகால் எலும்புகளில் வளர்ச்சித் தட்டு மூட்டின் பரப்பில் இருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும். இங்கே அழற்சியும் வளர்ச்சியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. சத்தம் போடாமல் தாடை சிறுத்துக்கொண்டே போகும்.

நாங்கள் வழக்கமாக எடுக்கும் ஓ.பி.ஜி. படத்தில், அதாவது தாடை முழுவதையும் சுற்றி எடுக்கும் எக்ஸ்ரேயில், எலும்பு அரித்தபிறகுதான் ஏதாவது தெரியும். அழற்சியைப் பார்க்க மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும். அதிலும் ஒரு சிக்கல், நல்ல மூட்டிலேயே கொஞ்சம் மருந்து ஏறி வெளுப்பாகக் காட்டும் என்பதால், பார்த்துப் பழகியவர்கள்தான் படிக்க வேண்டும். குழந்தைகள் மூட்டுவாத மருத்துவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். எம்.ஆர்.ஐ.யில் இடது மூட்டில் அழற்சி தெளிவாகவே இருந்தது. வலதிலும் ஆரம்பம். அவர் முதலில் செய்த காரியம் அவளைக் கண் மருத்துவரிடம் அனுப்பியது. இந்த நோயில் கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம், சிவக்காது, வலிக்காது, பிள்ளைக்கே தெரியாது, விளக்கு வைத்த நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிடிபடும். நல்லவேளை, கண்ணில் ஒன்றும் இல்லை. வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட் ஆரம்பித்தார்கள். "மருந்துக்கடைக்காரர் அது கேன்சர் மாத்திரைங்காரே" என்று ஆச்சி என்னிடம் வந்து அழுதார். அதே மருந்துதான், ஆனால் அதற்குக் கொடுக்கும் அளவில் மிகச் சிறு பங்கு, வேறு வேலைக்கு என்று உட்காரவைத்து விளக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரம்தான் அந்த வாரத்தில் நான் செய்த உருப்படியான வேலை.

மோவாயில் ஒரு தழும்பு

அன்றிலிருந்து, வலிக்கவில்லை என்று சொன்னதால் நான் தாண்டிப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அப்போதெல்லாம் நினைவுக்கு வருவது சென்னையில் மேல்படிப்புப் படித்தபோது பார்த்த ஒரு பையன். எட்டு வயது, பார்த்தால் ஐந்து சொல்லலாம். வாய் திறக்காது. திறக்காது என்றால் அறவே திறக்காது, பல்லுக்கு நடுவே நகம் நுழையும் அளவுகூட இல்லை. குழைந்த சோற்றை உள்ளங்கையில் வைத்து, விழுந்துபோன ஒரு பாற்பல்லின் சந்து வழியாக விரலால் உள்ளே தள்ளித் தள்ளி அவன் சாப்பிட்ட வேகத்தை இன்னும் மறக்கவில்லை. கீழ்த்தாடை வளராமல் முகம் பறவை முகமாக ஒடுங்கியிருந்தது. வலிக்குதா என்று கேட்டோம். இல்லை என்று தலையாட்டினான். எலும்போடு எலும்பு ஒட்டிப்போன மூட்டு எதற்கு வலிக்கும்?

அவன் மோவாய்க்கு அடியில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. மூன்று வயதில் திண்ணையில் இருந்து விழுந்தானாம். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நம் நாட்டில் இப்படி மூட்டு ஒட்டிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் சின்ன வயதில் பட்ட அடிதான். காதில் சீழ் பிடித்து உள்ளே பரவியும் வருவதுண்டு. மோவாயில் இடித்தால் அந்த வேகம் முழுவதும் தாடை வழியாகப் பயணம் செய்து காதுக்கு முன்னால், மூட்டின் தலைக்குக் கீழே தாடை எலும்பு கழுத்து மாதிரி மெலிந்திருக்கும் இடத்தை உடைக்கும். வெளியே ரத்தம் வருவது மோவாயில், உடைந்திருப்பது அங்கே. தையல் போடுகிறவர் மோவாயைப் பார்க்கிறார். பிள்ளை அழுதுகொண்டிருக்கிறது, அம்மா அழுதுகொண்டிருக்கிறார், வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மோவாய் கிழிந்து வந்த குழந்தையைத் தையல் பிரிக்கும்போதாவது வாயைத் திறக்கச் சொல்லி எதிரில் நின்று பார்க்கலாம். மேல்பல்லும் கீழ்பல்லும் முன்போலச் சேர்கிறதா, மோவாய் ஒருபக்கம் இழுக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த எலும்பு நன்றாகவே கூடிவிடும், பலருக்கு அறுவை சிகிச்சைகூட வேண்டியதில்லை. ஆனால் அடிபட்டதே என்று அசைக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. டாக்டர் சொல்லும் நாளில் இருந்து திறந்து மூடிப் பழக்க வேண்டும், அழுதாலும்.

பெரியவர்களுக்கான நெறிமுறையைக் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஏற்றபடி மாற்றி, பல நாட்டு நிபுணர்கள் கலந்துபேசி 2021இல் ஒரு வடிவம் வெளியிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புரியும் சொற்களில் கேள்வி, பெற்றோரிடம் தனியாகக் கேள்வி என்றெல்லாம் யோசித்திருக்கிறார்கள். நல்ல காரியம், பயன்படுத்துகிறேன். தராசிலும் பழகிக்கொண்டிருக்கிறேன். ‘அந்த வலிதானா?’ என்ற கேள்வியையும் விட்டுவிடவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஸ்கேலும் மரக்குச்சியும் வந்துவிட்டன. காத்திருக்கும் பெஞ்சை என் அறைக் கதவுக்கு நேர் எதிரே மாற்றிப்போட்டிருக்கிறேன். கொட்டாவி விடும் பிள்ளைகளை முறைத்துப் பார்க்கும் பல் டாக்டர் என்று ஊரில் பேர் வந்தாலும் வரட்டும்.

அவள் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வருகிறாள். இரவில் வாயில் போட ஒரு பிளேட் கொடுத்திருக்கிறேன். மோவாய் திரும்பி நடுவுக்கு வந்துவிடவில்லை, வருமா என்பது அவள் வளர்ந்து முடித்தபின்தான் தெரியும். ஆனால் மேலும் நகரவில்லை. முறுக்கைக் காபியில் நனைக்காமல் தின்கிறாளாம், ஆச்சி சொன்னார். அளக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்து ஸ்கேலை வைத்து எண்ணைச் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். 33, 34, 36. போன மாசம் 38. சொல்லிவிட்டு நாற்காலியில் இருந்து இறங்கி வந்து, என் மேசைமேல் கிடந்த அவளுடைய ஃபைலை எட்டிப் பார்த்தாள்.

"மொத மொத வந்தேம்லா, ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது. அப்ப எவ்ளோ இருந்துச்சு?"

பின்னால் இருந்து முன்னால் புரட்டினேன். முதல் தாள். சொத்தைப் பல்லின் எண், போட்ட சிமெண்ட், தேதி எல்லாம் இருந்தது. ‘தாடை மூட்டு’ என்று அச்சடித்த வரிக்கு எதிரே என் கையெழுத்தில் ‘நார்மல்’ என்று இருந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எண் எங்கே என்று தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு அளக்கலம்மா" என்றேன்.